கை வைத்த துப்பாக்கியின் முதல் வெடி: ப்ரூஃப் சோதனைக்கு முன்னும் பின்னும்

புதிய குழல் ஏறிவிட்டது, தோட்டாவின் பின்னால் அடைத்துப் பூட்டுகிற போல்ட் வழுக்கிக்கொண்டு மூடுகிறது, வெளியே பார்த்தால் ஒரு குறையும் இல்லை. இந்த நேரத்தில்தான் கை அரிக்கும். ஒரு தோட்டாவைப் போட்டுத் தோளில் வைத்து ஒரு தடவை சுட்டுப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடுமே என்று தோன்றும். தெரியாது. ஒரு தடவை சுட்டு ஒன்றும் ஆகவில்லை என்றால், அந்த ஒரு தடவை ஒன்றும் ஆகவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். போல்ட்டைப் பூட்டிப் பிடிக்கிற லக்குகள் என்ற முனைப்புகள் மயிரிழை பின்வாங்கியிருக்கலாம், தோட்டா உட்காருகிற சேம்பரின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விட்டிருக்கலாம், அது எத்தனையாவது வெடியிலோ உங்கள் கன்னத்துக்கு நாலு அங்குலம் தள்ளி முழுசாகத் திறந்துகொள்ளும்.

ப்ரூஃப் சோதனை இதற்காகத்தான் இருக்கிறது. வழக்கமான தோட்டாவைவிட வேண்டுமென்றே அதிக அழுத்தம் தருகிற தோட்டாவை, யாரும் பக்கத்தில் இல்லாமல், தூரத்திலிருந்து வெடிக்க வைப்பார்கள். அதன்பிறகு குழலும் பூட்டும் இடமும் அளவு மாறாமல் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். கவனிக்க வேண்டியது கடைசிப் பகுதி. வெடிப்பது ஒரு நொடி வேலை. வெடிக்கு முன்னால் அளந்ததும் பின்னால் அளந்ததும்தான் சோதனை. இரண்டு அளவும் கையில் இல்லாமல் எவ்வளவு பெரிய வெடி வெடித்தாலும் அது வெறும் சத்தம்.

இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். பல நாடுகளில் துப்பாக்கி செய்வதற்கு மட்டுமல்ல, அதை மாற்றுவதற்கும் பழுதுபார்ப்பதற்கும் ஏன் சோதித்துப் பார்ப்பதற்கும்கூட உரிமம் வேண்டும். கீழே வருவதெல்லாம் உரிமம் உள்ளவருக்கும், உரிமம் உள்ள கன்ஸ்மித்திடம் (துப்பாக்கித் தொழிலாளியிடம்) வேலை கொடுத்து வாங்குகிறவருக்கும்தான். உரிமம் இல்லையென்றால் சோதனையைப் பற்றி யோசிக்க வேண்டிய இடத்துக்கே நீங்கள் வந்திருக்கக் கூடாது.

எந்த வேலைக்குப் பிறகு சோதனை வேண்டும்?

தோளில் வைக்கிற கட்டையை மாற்றினீர்கள், குறி பார்க்கிற சைட்டை மாற்றினீர்கள், ஸ்லிங் மாட்டுகிற வளையம் வைத்தீர்கள் என்றால் ப்ரூஃப் தேவையில்லை. விசையில் (ட்ரிகரில்) கை வைத்திருந்தாலும் ப்ரூஃப் தேவையில்லை, ஆனால் வேறு மாதிரியான சோதனை தேவை, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அழுத்தத்தைத் தாங்குகிற எந்தப் பாகத்தைத் தொட்டிருந்தாலும் ப்ரூஃப் வேண்டும். குழல் மாற்றியது, சேம்பரை வேறு தோட்டாவுக்காகக் கடைந்தது, சிறு உருண்டைகளைச் சுடுகிற ஷாட்கனின் சேம்பரை நீளமாக்கியது, போல்ட்டையோ போல்ட் தலையையோ மாற்றியது, குழலின் உள்சுவரைத் தேய்த்து அகலப்படுத்தியது, குழல் வாயின் குறுகலான சோக்கைக் கடைந்தது எல்லாம் இதில் வரும். பக்கத்தில் வெல்டிங் வைத்தது, பிரேசிங் செய்தது என்று சூடு பட்ட வேலையும் இதில் சேர்த்திதான். சூட்டைப் பற்றிப் பலர் யோசிப்பதே இல்லை. குழலையும் போல்ட்டையும் தாங்குகிற உடற்பகுதியான ரிசீவரின் பக்கத்தில் ஒரு சின்ன வெல்டு வைத்தால்கூட அந்த இடத்து எஃகின் பதம் மாறிவிடும். வெளியே நீலம் பாய்ந்து அழகாக இருக்கும், உள்ளே மிருதுவாகிப்போயிருக்கும் அல்லது கண்ணாடி மாதிரி நொறுங்கக் காத்திருக்கும்.

பதம் தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு 1903 துப்பாக்கியைப் பாருங்கள். ஆரம்பக் காலத்தில் அதன் ரிசீவர்களைக் காய்ச்சும்போது வெப்பத்தைக் கருவி வைத்து அளக்கவில்லை, இரும்பின் நிறத்தைப் பார்த்துத் தொழிலாளிகள் கண்ணால் முடிவுசெய்தார்கள். வெயில் அடிக்கிற நாளில் ஒரு நிறம், மேகம் மூடிய நாளில் ஒரு நிறம். சில ரிசீவர்கள் அளவுக்கு மீறிச் சூடாகி எஃகு உடையக்கூடியதாகிவிட்டது. அவையும் ப்ரூஃப் தோட்டாவைத் தாங்கித்தான் ராணுவத்துக்குப் போயின. பிறகு முதல் உலகப் போர் சமயத்தில் சில வெடித்துச் சிதறின. ஸ்பிரிங்ஃபீல்டு ஆலையில் செய்ததில் 8,00,000-க்குக் கீழே வரிசை எண் உள்ளவற்றைச் சுட வேண்டாம் என்று இன்றைக்கும் சொல்வது இதனால்தான். ப்ரூஃப் தேறிவிட்டது என்பதால் உலோகம் நல்லது என்று ஆகிவிடாது. அதிக அழுத்தத்துக்கு இழுபட்டு அளவு மாறுகிற எஃகை ப்ரூஃப் காட்டிக்கொடுக்கும், ஆனால் நொறுங்கும் எஃகு ஒரு நாள் தாங்கிவிட்டு மறுநாள் கைவிடும். அதனால் எஃகு எங்கிருந்து வந்தது, யார் பதம் போட்டார்கள் என்று தெரியாத பாகத்தை வைத்துக்கொண்டு ப்ரூஃப் வெடி மட்டும் போதும் என்று நினைக்கக் கூடாது.

யார் செய்ய வேண்டும்?

துப்பாக்கியைச் சோதித்து முத்திரை போடுகிற நிலையமான ப்ரூஃப் ஹவுஸ் இருக்கிற நாடு என்றால் கேள்வியே இல்லை, அங்கே கொடுங்கள். லண்டனில் துப்பாக்கி செய்வோர் சங்கம் 1637-இல் அரச சாசனம் வாங்கியதிலிருந்து இந்த வேலை நடக்கிறது, பர்மிங்காமில் 1813-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தனி ப்ரூஃப் ஹவுஸ் வந்தது. பெல்ஜியத்தின் லியேஜ், இத்தாலியின் கார்டோனே, ஸ்பெயினின் எய்பார், ஜெர்மனியின் உல்ம், ஆஸ்திரியாவின் ஃபெர்லாக் என்று துப்பாக்கி செய்த ஊர்களிலெல்லாம் இப்படி ஒன்று உண்டு. ஐரோப்பாவின் பல நாடுகளும் வேறு சில நாடுகளும் சேர்ந்த, இந்தச் சோதனைக்குப் பொது விதி வகுக்கிற சி.ஐ.பி. (C.I.P.) என்ற அமைப்பு 1914-இல் தொடங்கியது. உறுப்பு நாடுகள் ஒன்றின் முத்திரையை இன்னொன்று ஏற்றுக்கொள்ளும். பிரிட்டனில் ப்ரூஃப் இல்லாத துப்பாக்கியை விற்பதே 1868-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அமெரிக்காவில் அரசு ப்ரூஃப் ஹவுஸ் கிடையாது, தயாரிப்பாளர்களே தங்கள் ஆலையில் செய்துகொள்கிறார்கள், அளவுகளை சாமி (SAAMI) என்ற தொழில் அமைப்பு வகுக்கிறது.

எவ்வளவு அதிக அழுத்தம் என்று கேட்பார்கள். சி.ஐ.பி. கணக்கில் ரைஃபிள் தோட்டாவுக்கு அதிகபட்ச அழுத்தத்துக்கு மேல் 25 சதவீதம், கைத்துப்பாக்கிக்கு 30 சதவீதம். .308 வின்செஸ்டர் தோட்டாவின் உச்ச வரம்பு 4,150 பார் (bar, அழுத்தத்தின் அலகு), ப்ரூஃப் வெடி ஏறக்குறைய 5,190 பார். 12 கேஜ் (குழல் அகலத்தைக் குறிக்கிற எண்) ஷாட்கனுக்கு வழக்கமான வரம்பு 740 பார், ப்ரூஃப் 930. அதிக வீரியத் தோட்டா போடுகிற ஷாட்கன் என்றால் 1,050 பார், ப்ரூஃப் 1,370. சாமி முறையில் ப்ரூஃப் அளவு இதைவிடச் சற்று அதிகம், 30 முதல் 40 சதவீதம் வரை மேலே போகும்.

இந்த எண்களைப் பார்த்துவிட்டு, "அப்படியானால் வெடிமருந்தை இருபத்தைந்து சதவீதம் கூடப் போட்டால் ப்ரூஃப் தோட்டா ரெடி" என்று ஒருவர் கிளம்பாமல் இருக்க மாட்டார். தயவுசெய்து வேண்டாம். மருந்து கூடுகிற கணக்கில் அழுத்தம் கூடாது. புகையில்லா மருந்தில் ஒரு கட்டத்துக்கு மேல் கொஞ்சம் கூட்டினாலும் அழுத்தம் எங்கேயோ எகிறிவிடும். ஆலையில் ஒவ்வொரு தொகுதி ப்ரூஃப் தோட்டாவையும் அழுத்தமானி பொருத்திய குழலில் சுட்டு அளந்துவிட்டுத்தான் வெளியே விடுகிறார்கள். உங்களிடம் அந்தக் குழல் இல்லை. நீங்கள் அடைத்த தோட்டா 20 சதவீதம் கூட தந்ததா 80 சதவீதம் கூட தந்ததா என்று உங்களுக்குத் தெரியப்போவதில்லை. இரண்டில் எதுவானாலும் பயனில்லை: குறைவாக இருந்தால் சோதனை நடக்கவே இல்லை, அதிகமாக இருந்தால் நல்ல துப்பாக்கியில் நீங்களே விரிசலை உண்டாக்கி, தேறிவிட்டது என்று பெயரும் வைத்துவிடுவீர்கள். ராணுவம் பயன்படுத்துகிற 7.62 எம்60 என்ற ப்ரூஃப் தோட்டாவின் கூடு முழுவதும் வெள்ளி நிறத்தில் இருப்பதே அது வழக்கமான தோட்டாவோடு தப்பித்தவறியும் கலந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். உங்கள் மேசை இழுப்பறையில் அடையாளம் இல்லாமல் கிடக்கிற "பலமான" தோட்டாவை அடுத்த வருஷம் யார் எடுத்துப் போடுவார்களோ.

ப்ரூஃப் ஹவுஸும் இல்லை, உரிமம் உள்ள ஆலையும் செய்து தரவில்லை என்றால் என்ன செய்வது? அப்போது உங்களால் ஆகக்கூடியது ப்ரூஃப் இல்லை. முறையாக அளந்து, ஆலையில் செய்த வழக்கமான தோட்டாவைத் தூரத்திலிருந்து வெடித்து, மறுபடி அளந்து பார்க்கிற முதல்வெடிச் சோதனை. அதற்கு அந்தப் பெயரைத்தான் வைக்க வேண்டும், விற்கும்போது "ப்ரூஃப் ஆனது" என்று சொல்லக் கூடாது. ப்ரூஃப் ஹவுஸில் தேறி வந்த துப்பாக்கியையும் நான் முதல் முறை இப்படித்தான் சுடுவேன்.

வெடிக்கு முன்னால்

தோட்டாப் பெட்டியான மேகஸினைக் கழற்றுங்கள், போல்ட்டைத் திறங்கள், சேம்பரில் ஒன்றுமில்லை என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். தோட்டாக்கள் வேலை மேசை இருக்கிற அறையிலேயே இருக்கக் கூடாது. டம்மி தோட்டா வைத்து வேலை செய்கிறவர்கள் நிறம் பூசியதை, துளை போட்டதை மட்டும் பயன்படுத்துங்கள், பார்த்தால் ஒரு நொடியில் தெரிய வேண்டும்.

அடுத்தது குழல். பின்பக்கத்திலிருந்து வெளிச்சம் விட்டு முன்பக்கத்திலிருந்து பாருங்கள், அல்லது குழலுக்குள் பார்க்கிற கருவியான போர்ஸ்கோப் விடுங்கள். துடைத்த துணியின் துண்டு, கடைசல் இழை, கெட்டியான கிரீஸ், உள்சுவரை மெருகேற்ற லேப்பிங் செய்தபோது மாட்டிய ஈயம் என்று ஏதாவது உள்ளே உட்கார்ந்திருக்கும். குழல் வெடித்த கதைகளில் பெரும்பாலானவை பலவீனமான எஃகின் கதை இல்லை, அடைப்பின் கதை. 12 கேஜ் ஷாட்கனில் தவறுதலாக 20 கேஜ் தோட்டாவைப் போட்டால் அது சேம்பரைத் தாண்டி வழுக்கிப் போய் முன்னால் மாட்டிக்கொள்ளும், ஒன்றும் இல்லையே என்று அதன் பின்னால் 12 கேஜைப் போட்டுச் சுட்டால் குழல் பிளக்கும். 20 கேஜ் தோட்டா மஞ்சள் நிறத்தில் வருவது இதற்காகத்தான். அதே மாதிரி .300 பிளாக்அவுட் தோட்டா .223 துப்பாக்கியின் சேம்பருக்குள் புகுந்து பூட்டவும் பூட்டிக்கொள்ளும், ஆனால் அந்தப் பெரிய குண்டுக்குச் சின்னக் குழல் வழிவிடாது. குழல் மாற்றியவர்கள் புதிய தோட்டாவின் பெயரைக் குழலின் மேல் தெளிவாகப் பொறிக்காமல் அடுத்த அடி வைக்கக் கூடாது. பெயிண்ட் இல்லை, ஸ்டிக்கர் இல்லை, பொறிப்பு.

இப்போது ஹெட்ஸ்பேஸ். முழு வேலையிலும் நான் அதிக நேரம் செலவழிப்பது இங்கேதான், நீங்களும் அப்படியே செய்யுங்கள். போல்ட்டின் முகத்துக்கும் தோட்டாவைச் சேம்பர் நிறுத்துகிற இடத்துக்கும் நடுவே உள்ள தூரம் இது. குறைவாக இருந்தால் போல்ட் மூடாது, அதிகமாக இருந்தால் வெடிக்கும்போது பித்தளைக் கூடு பின்னால் நீண்டு அடிப்பக்கம் அறுந்து, வெந்த வாயு நேராக முகத்துக்கு வரும். அளக்க கோ, நோ-கோ, ஃபீல்டு என்று மூன்று எஃகு அளவுக்கட்டைகள் (இவற்றுக்கும் பெயர் கேஜ்தான்) உண்டு. .308-க்கு கோ 1.630 அங்குலம், நோ-கோ 1.634, ஃபீல்டு 1.638. வித்தியாசத்தைப் பாருங்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவே ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் நாலு பங்கு. தாளின் தடிமன் அளவு. சேம்பரில் ஒரு பித்தளைத் தூசி இருந்தால்கூட அளவு பொய் சொல்லும்.

அதனால் முதலில் சேம்பரையும் லக் உட்காரும் இடத்தையும் கரைப்பான் போட்டு, பருத்தித் துணியால் எண்ணெய் இல்லாமல் துடைத்து எடுங்கள். போல்ட்டிலிருந்து, தோட்டாவைக் குத்துகிற ஃபயரிங் பின், கூட்டை இழுக்கிற எக்ஸ்ட்ராக்டர், அதை வெளியே தள்ளுகிற எஜெக்டர் மூன்றையும் கழற்றிவிடுங்கள். எஜெக்டர் ஸ்பிரிங் கேஜைத் தள்ளிக்கொண்டிருந்தால் கைக்கு உணர்வே தெரியாது. கோ கேஜைச் சேம்பரில் வைத்து போல்ட் கைப்பிடியை இரண்டு விரல் நுனியால் மட்டும் கீழே இறக்குங்கள். தன் எடையிலேயே இறங்குவது போல இறங்க வேண்டும். அப்புறம் நோ-கோ. இதில் கைப்பிடி பாதி வழியில் நிற்க வேண்டும், மெத்தென்று ஒரு தடுப்பு விரலில் தெரியும், அங்கேயே விட்டுவிடுங்கள். "கொஞ்சம் அழுத்தினால் மூடுகிறதா பார்ப்போம்" என்று அழுத்தினால் லக்கின் நெம்புபலம் உங்கள் கேஜையும் சேம்பர் தோளையும் நசுக்கிவிடும், அது அளவே இல்லை. ஒரே நிறுவனத்தின் கேஜ் தொகுதியையே பயன்படுத்துங்கள், ஒன்று இங்கே ஒன்று அங்கே என்று கலக்காதீர்கள்.

புதிதாக வேலை செய்த துப்பாக்கி நோ-கோவில் மூடினால் அங்கேயே நின்றுவிடுங்கள், சுடக் கூடாது. ஃபீல்டு கேஜ் பழகிப்போன பழைய துப்பாக்கிக்கு உள்ளது, புதிய வேலைக்குச் சலுகை தர இல்லை. லீ-என்ஃபீல்டு நம்பர் 4 போன்ற பழைய ராணுவ ரைஃபிள்களில் போல்ட் தலை தனியாகக் கழன்று வரும், 0 முதல் 3 வரை எண் போட்ட அளவுகளில் கிடைக்கும், பெரிய எண்ணை மாட்டி ஹெட்ஸ்பேஸைச் சரிசெய்யலாம். ஆனால் அப்படி மாற்றினாலும் லக் இரண்டும் ஒன்றுபோல உட்காருகின்றனவா என்று பாருங்கள்: லக்கின் பின்முகத்தில் நீல மையை மெல்லிசாகத் தடவி, போல்ட்டைப் பத்து தடவை மூடித் திறந்து, மை எங்கே அழிந்திருக்கிறது என்று பார்த்தால் போதும். ஒரு லக்கில் மட்டும் அழிந்து இன்னொன்றில் மை அப்படியே இருந்தால் முழு அழுத்தத்தையும் ஒரே லக் தாங்கப் போகிறது என்று அர்த்தம்.

ஷாட்கன் என்றால் ஹெட்ஸ்பேஸைவிடச் சுவர்த் தடிமன்தான் முக்கியம். குழலின் உள்விட்டத்தைப் பின்முனையிலிருந்து 9 அங்குலத்தில் அளப்பது வழக்கம், அதோடு நிற்காமல் நீளம் முழுக்கப் பல இடத்தில், சுற்றிலும் நாலு பக்கம் தடிமன் எடுங்கள். பழைய குழலைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கியவர்கள் ஒரு பக்கம் மட்டும் மெலிய விட்டிருப்பார்கள். இரட்டைக் குழல் என்றால் அடிப்பக்கக் கொக்கியில் தொங்கவிட்டு விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். நடுப்பட்டையின் ஈயப்பற்று உறுதியாக இருந்தால் மணி மாதிரி ஒலிக்கும், விட்டுப்போயிருந்தால் ஓட்டைப் பாத்திரத்தைத் தட்டியது போலத் தட்டையாக ஒலிக்கும். இரும்புப் பட்டைகளை முறுக்கிச் செய்த பழைய டமாஸ்கஸ் குழலில் புகையில்லா மருந்துத் தோட்டாவைப் போடலாமா என்று கேட்டால், அதற்கான நைட்ரோ ப்ரூஃப் முத்திரை குழலில் இல்லாதவரை கூடாது. கருமருந்து ப்ரூஃப் ஒன்று, நைட்ரோ ப்ரூஃப் வேறு ஒன்று.

அளந்த ஒவ்வொன்றையும் எழுதி வையுங்கள், தேதியோடு, எந்தக் கருவியால் அளந்தது என்ற குறிப்போடு. நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டால் பின்னால் ஒப்பிட ஒன்றும் இருக்காது.

வெடிக்கும்போது

கையில் பிடித்துச் சுடக் கூடாது. ஒரு மரத்துண்டின் மேல் சாய்த்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் நீட்டிச் சுடுவதும் கையில் பிடித்துச் சுடுவதுதான். துப்பாக்கியை உரிமம் பெற்ற சுடுதளத்தில், குண்டைத் தாங்கும் மண்மேட்டைப் பார்த்து, கனமான ஒரு சட்டத்தில் பொருத்துங்கள். குழலை இறுக்கிப் பிடித்தால் பின்னுதைப்பு கட்டையை உடைக்கும்; நேர்கோட்டில் கொஞ்சம் பின்வாங்க இடம் கொடுத்து, பின்னால் மணல் மூட்டை வைத்தால் சரி. மேகஸின் கழற்றியே இருக்கட்டும். ஒரே ஒரு தோட்டா. பக்கத்தில் வேறு தோட்டா இருக்கவே கூடாது.

விசைக்குக் கயிறு கட்டுவதில் ஒரு விஷயம் பலருக்கும் தப்புகிறது. கயிறு விசையை நேராகப் பின்னால் இழுக்க வேண்டும், பக்கவாட்டில் இழுத்தால் துப்பாக்கி திரும்பும். அதற்காகக் கப்பியோ வளையமோ வைத்து வழி மாற்றிக்கொள்ளுங்கள். கயிறு ஒருபோதும் விறைப்பாக இருக்கக் கூடாது, யார் காலிலும் தட்டக் கூடாது, தோட்டாவைப் போட்டு சேஃப்டி போட்ட பிறகு கடைசியாக மாட்ட வேண்டியது அது. கயிற்றை மாட்டுங்கள், சேஃப்டியை எடுங்கள், கயிற்றைத் தளர்வாகவே விட்டபடி பின்னால் போங்கள். குழலின் பக்கவாட்டில் நிற்காதீர்கள். ரிசீவர் சிதறினால் துண்டுகள் மேலேயும் பக்கத்திலும்தான் பறக்கும். நேர் பின்னாலும் வேண்டாம், போல்ட் வருகிற வழி அது. தடித்த சுவருக்கோ மண்மேட்டுக்கோ பின்னால் உடம்பு முழுவதும் மறைய வேண்டும், தலையை மட்டும் நீட்டி எட்டிப் பார்க்கிற ஆசை இருந்தால் ஒரு போனை எதிரே நிறுத்திப் படமெடுக்க விடுங்கள். கண்ணாடியும் காதடைப்பும் மறைவில் இருந்தாலும் வேண்டும். துணைக்கு ஒருவர் இருக்கட்டும், ஆனால் கட்டளை சொல்வது ஒருவர்தான்.

இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் அங்கேயே நில்லுங்கள். தோட்டாவின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கிற பிரைமர் மெதுவாகப் பற்றித் தாமதமாக வெடிப்பது உண்டு. குறைந்தது ஒரு நிமிஷம் மறைவிலேயே காத்திருங்கள், அதிகமாகக் காத்திருந்தால் நஷ்டம் ஒன்றும் இல்லை. வாயில் மருந்து போட்டு நிரப்புகிற பழைய வகை என்றால் இன்னும் நீண்ட நேரம்.

வெடித்த பிறகு

முதல் கூட்டை எடுத்ததும் அடுத்ததைப் போட அவசரப்படாதீர்கள், அந்தக் கூடு நிறையப் பேசும். போல்ட் சாதாரணமாகத் திறந்ததா, கைப்பிடியைத் தட்டி எழுப்ப வேண்டியிருந்ததா? பிரைமரின் ஓரம் உருண்டையாகவே இருக்கிறதா, ஆணியடித்தது போலத் தட்டையாகி ஓரம்வரை பரவியிருக்கிறதா, ஃபயரிங் பின் குத்திய இடத்தைச் சுற்றிப் பள்ளத்தின் விளிம்பு மேலெழுந்திருக்கிறதா, ஓட்டையே விழுந்து கரி கசிந்திருக்கிறதா? கூட்டின் அடியில் எஜெக்டர் துளையின் வட்டம் பளிச்சென்று பதிந்திருந்தால் பித்தளை அங்கே வழிந்திருக்கிறது. ப்ரூஃப் தோட்டாவில் இந்த அடையாளங்களில் சில வரத்தான் செய்யும். வழக்கமான ஆலைத் தோட்டாவில் வந்தால் வேலையை நிறுத்துங்கள்.

கூட்டின் அடிப்பாகத்துக்குச் சற்று மேலே சுற்றிலும் ஒரு பளபளப்பான வளையம் தெரிகிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பேப்பர் கிளிப்பை நேராக்கி நுனியை மட்டும் கூராக மடக்கி, கூட்டின் உள்ளே விட்டு அடியிலிருந்து மேலே இழுத்தால், உள்சுவரில் பள்ளம் இருந்தால் நுனி தட்டி நிற்கும். கூடு அறுந்துபோகத் தொடங்கியிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை, அது பெரும்பாலும் ஹெட்ஸ்பேஸில் கொண்டுபோய் நிறுத்தும்.

அப்புறம் எல்லாவற்றையும் மறுபடி அளக்க வேண்டும். கேஜ்களை முன்பு போலவே சுத்தம் செய்து போடுங்கள். முன்னால் நோ-கோவில் நின்ற போல்ட் இப்போது அதில் மூடுகிறது என்றால் லக்கோ அது உட்காரும் இடமோ பின்வாங்கிவிட்டது, துப்பாக்கி தேறவில்லை. இதற்குச் சமாதானம் கிடையாது. "கொஞ்சம்தானே" என்பதும் கிடையாது, ஏனென்றால் பின்வாங்கிய உலோகம் அடுத்த வெடியில் இன்னும் கொஞ்சம் பின்வாங்கும். ஷாட்கனில் உள்விட்டம் கூடியிருக்கிறதா, குழலில் எங்காவது உப்பல் இருக்கிறதா என்று பாருங்கள். உப்பலைப் பிடிக்கச் சுலபமான வழி உண்டு: ஜன்னல் சட்டம் போன்ற நேரான ஒரு விளிம்பைப் பார்த்துக் குழலைப் பிடித்து, உள்ளே விழுகிற அதன் நிழற்கோட்டைக் குழலை மெதுவாகச் சுழற்றியபடி கவனியுங்கள். நல்ல குழலில் கோடு நேராக ஓடும். உப்பல் இருக்கிற இடத்தில் கோடு உடைந்து ஒரு கரிய வளையம் தெரியும்.

விரிசலுக்கு வெறும் கண் போதாது. ஆலைகளில் காந்தத்துகள் சோதனை செய்வார்கள். அந்த வசதி இல்லையென்றால் வெல்டிங் கடைகளில் புழங்குகிற சிவப்புச் சாய ஸ்பிரே போதும். போல்ட்டையும் ரிசீவரையும் எண்ணெய் துளியும் இல்லாமல் கழுவி, சாயத்தை அடித்து, டப்பாவில் சொன்ன நேரம், பொதுவாகப் பத்து நிமிஷம், ஊற விடுங்கள். துணியில் கிளீனரை நனைத்துத் துடைக்க வேண்டும், பாகத்தின் மேலேயே கிளீனரை அடித்தால் விரிசலுக்குள் போன சாயமும் வெளியே வந்துவிடும். பிறகு வெள்ளை டெவலப்பரை மெல்லிசாக அடித்துவிட்டு உட்கார்ந்து பாருங்கள். விரிசல் இருந்தால் சுண்ணாம்பு போன்ற வெண்மையில் முடி மாதிரி ஒரு சிவப்புக் கோடு மெதுவாக எழும்பி வரும். லக்கின் வேர், எக்ஸ்ட்ராக்டர் வெட்டின் மூலை, வாயுத் துளையின் ஓரம் என்று கூர்மையான மூலைகளில்தான் முதலில் வரும். வெடிக்கு முன்னாலும் இதைச் செய்திருந்தால் கோடு பழசா புதுசா என்ற குழப்பமே இல்லை.

ப்ரூஃப் ஹவுஸில் இதெல்லாம் தேறிய பிறகுதான் முத்திரை விழும். அந்த முத்திரை அன்றைய அளவுகளுக்கானது. அதற்குப் பிறகு நீங்களோ வேறு ஒருவரோ சேம்பரைத் தொட்டால் முத்திரை குழலில் இருந்தாலும் ப்ரூஃப் போய்விட்டது. பழைய துப்பாக்கி வாங்குகிறவர்கள் முத்திரையைப் பார்த்து மயங்காமல் உள்விட்டத்தையும் சேம்பர் நீளத்தையும் அளந்து, முத்திரையோடு பொறித்திருக்கிற அளவோடு ஒப்பிடச் சொல்வது அதற்காகத்தான்.

விசையும் சேஃப்டியும்

அழுத்தச் சோதனை தேறினாலும் துப்பாக்கி ஒழுங்காக நடந்துகொள்ளும் என்று ஆகாது. விசையில் வேலை செய்திருந்தால் காலித் துப்பாக்கியில், ஸ்னாப் கேப் என்ற போலித் தோட்டாவைப் போட்டு இதைப் பாருங்கள்: சேஃப்டி போட்டு விசையை நன்றாக இழுத்து, விட்டுவிட்டு, சேஃப்டியை எடுங்கள், எடுக்கும்போதே ஃபயரிங் பின் விழுந்தால் ஆபத்து. போல்ட்டை வேகமாக அடித்து மூடுங்கள், விழக் கூடாது. கட்டையின் அடியை ரப்பர் விரிப்பின் மேல் பல கோணத்தில் தட்டுங்கள், ரப்பர் சுத்தியலால் ரிசீவரின் பக்கங்களிலும் தட்டுங்கள், விழக் கூடாது.

தானாகத் தோட்டா ஏற்றுகிற வகை என்றால் மேகஸினில் முதலில் ஒன்று போட்டுச் சுடுங்கள், அது சரியாக நடந்தால் இரண்டு போடுங்கள். முழு மேகஸினை மாட்டிவிட்டு விசை பழுதென்று கண்டுபிடித்தால், ஒரு இழுப்பில் பத்து தோட்டாவும் குழல் மேலே எழும்ப எழும்பப் போய்விடும். இரண்டு தோட்டாவில் இரட்டை வெடி வந்தால் இரண்டோடு நிற்கும். இதைப் பல தடவை திரும்பச் செய்து பார்த்த பிறகே மூன்றும் அதற்கு மேலும்.

தேறாத பாகம் என்ன ஆக வேண்டும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. விரிசல் விட்ட போல்ட், உப்பிய குழல், லக் பின்வாங்கிய ரிசீவர் இவற்றை "எதற்காவது உதவும்" என்று பெட்டியில் போட்டு வைக்காதீர்கள். உங்கள் நாட்டுச் சட்டம் சொல்கிற முறையில், பதிவேட்டில் எழுதவேண்டியதை எழுதி, அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டுமென்றால் ஒப்படைத்து, இல்லையென்றால் உரிமம் உள்ள கடையில் கொடுத்து மறுபடி சேர்க்க முடியாதபடி வெட்டிவிடச் சொல்லுங்கள். வெட்டும்வரை அதில் சிவப்புப் பெயிண்ட் அடித்து, என்ன பழுது என்று ஒரு சீட்டு எழுதிக் கம்பியால் கட்டி வையுங்கள்.